பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள்

(நல்லம்பள்ளியில் கூடிய பெற்றோர்களுக்கும் நம் மருத்துவப் பணியைத் தாங்கிவரும் அன்பர்களுக்கும் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)

சந்தைக்குப் போக வேண்டியவர்கள், காட்டு வேலையை விட்டு வந்தவர்கள் என்று பலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றிவளைக்காமல் காரியத்துக்கு வருகிறோம்.

ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால், அந்தக் குடும்பம் எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டார்கள். எந்தப் பெட்டியில் எதை எடுத்து வைப்பது என்பதையும் சொல்வோம். ஆனால் அதற்கு முன்னால் ஆயத்தமாக வேண்டியது நம் வாய். நோயாளிப் பிள்ளையைச் சுற்றிச் சொல்லப்படும் பொய்கள் எத்தனை என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வார்டுகளில் பார்த்துவருகிறோம். எல்லாம் அன்பினால் சொல்லப்படுகிறவைதான். ஆனாலும் அவற்றின் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது.

நம் நல்லம்பள்ளி வட்டாரத்தின் நிலை உங்களுக்குத் தெரியும். சளி, காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கு மேல் என்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அந்தக் கல்லூரி 2008-ல் தொடங்கிய பிறகு பல குடும்பங்களுக்குத் தூரம் குறைந்தது. ஆனாலும் சில சிகிச்சைகளுக்குச் சேலம், வேலூர், பெங்களூரு என்று வெளியே போகத்தான் வேண்டியிருக்கிறது. 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். இருதயத்தில் ஓட்டை, உதட்டுப் பிளவு, காது கேளாமை போன்றவை இப்போது சிறு வயதிலேயே கண்டுபிடிக்கப்படுகின்றன. அப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளில் சிலர், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் வாசலில் போய் நிற்கிறார்கள். அவர்களுடைய அம்மாவுக்கும் அதுதான் முதல் முறை.

பாம்புக் கடிக்கும் விபத்துக்கும் ஆயத்தமாக நேரம் கிடையாது. 108-ஐக் கூப்பிட்டு ஓட வேண்டியதுதான். ஆனால் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றால், நம் கையில் சில நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களை மூன்று காரியங்களுக்குப் பயன்படுத்துங்கள். பிள்ளையிடம் உண்மை, டாக்டரிடம் உண்மை, குடும்பத்துக்குள்ளே உண்மை.

முதலாவது, பிள்ளையிடம் உண்மை.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை நினைத்துக்கொள்கிறோம். ஒகேனக்கல் அருவி பார்க்கப் போகிறோம் என்று சொல்லி, புதுப் பாவாடை கட்டி, பஸ் ஏற்றினார்கள். பஸ் தொப்பூர் கணவாயில் இறங்கியபோதும் அவளுக்குத் தெரியவில்லை. சேலத்தில் ஊசி போடும் அறைக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது. சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஆனால் நான்கு நாட்கள் அவள் தன் தகப்பனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸ் மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். அப்பா கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தகப்பன் வராந்தாவில் எங்களிடம் வந்து, "ஐயா, பயப்படக் கூடாதுன்னுதானே சொன்னேன்" என்று அழுதார். அவருடைய அன்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் பிள்ளை நம்பிப் பிடித்துக்கொள்ள வேண்டிய கை அவருடைய கை. அந்தக் கையைத்தான் அவள் விட்டுவிட்டாள்.

ஆகவே போகிற இடத்தை மறைக்காதீர்கள். எப்போது சொல்வது என்று கேட்பீர்கள். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு முந்தின நாள் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பு சொன்னால் அதற்கு விளங்காது. நான்கு முதல் ஆறு வயது வரை இரண்டு மூன்று நாட்கள் முன்பு சொல்லலாம். பள்ளிக்கூடம் போகும் பெரிய பிள்ளைக்கு ஒரு வாரம் முன்பே சொல்லி, கேள்வி கேட்க விடுங்கள்.

எப்படிச் சொல்வது? நீங்கள் வீட்டில் பேசுகிறபடியே சொல்லுங்கள். "கண்ணு, நாளன்னைக்கு நாம சேலத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். உன் கழுத்துல இருக்கிற கட்டிய டாக்டர் எடுப்பாங்க. அப்போ உனக்குத் தூக்கம் வர்ற மருந்து கொடுப்பாங்க. எடுத்து முடிச்சதும் எழுப்பிவிடுவாங்க. ஊசி போடும்போது கொஞ்சம் வலிக்கும். நீ அழலாம், கைய மட்டும் ஆட்டாம வெச்சுக்கோ. அம்மா பக்கத்துலயே இருப்பேன்." இவ்வளவுதான். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். ஊசி ஏறிய அடுத்த நொடியே அது பொய் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் மெய்யையும் அது நம்பாது. "நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். எத்தனை இரவு என்று டாக்டர் சொன்னாரோ அத்தனை இரவு என்று சொல்லுங்கள். கூடலாம் என்றால் கூடலாம் என்றும் சொல்லுங்கள்.

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் மனதில் ஒரு எண்ணம் இருக்கும். தான் செய்த குறும்புக்குத் தண்டனையாகத்தான் நோய் வந்தது என்று நினைத்துக்கொள்ளும். "சொன்ன பேச்சு கேட்கல, அதான் உனக்கு இப்படி" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அது உன் தப்பு இல்லை, சாமி, என்று பிள்ளையின் காதில் படும்படி இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு பொம்மைக்குத் துணிக் கட்டுப் போட்டு, ஊசி போடுவதுபோல் விளையாட விடுங்கள். பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்று அந்த விளையாட்டிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தாய் பக்கத்தில் இருப்பதைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒரு காலத்தில் பெற்றோர் வந்து பார்ப்பதற்கே கடுமையான கட்டுப்பாடு இருந்தது. அம்மா வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். 1952-ல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், எட்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் படம் எடுத்துக் காட்டினார். அழாமல் அடங்கியிருக்கும் குழந்தை உள்ளுக்குள் எப்படி ஒடுங்கிப்போகிறது என்று அந்தப் படம் காட்டியது. டாக்டர்கள் பலர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு 1959-ல் ஹாரி பிளாட் என்ற அறுவை மருத்துவரின் தலைமையில் அமைந்த குழு, பெற்றோர் தாராளமாக வந்துபோகவும், சிறு குழந்தைகளோடு தாய் தங்கவும் அனுமதிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்த நம் தாய்மார்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துவந்தார்கள். ஆகவே பிள்ளையைச் சேர்க்கும்போதே கேளுங்கள்: இரவில் தாய் தங்கலாமா? தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை மணிக்குப் பார்க்கலாம்? மயக்கம் வரும்வரை கூட நிற்க விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால் அதையும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். "அந்தக் கதவு வரைக்கும் அம்மா வருவேன், நீ வெளிய வரும்போது அங்கேயே நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நில்லுங்கள். டீ குடிக்க வேறு யாராவது போகட்டும்.

இரண்டாவது, டாக்டரிடம் உண்மை.

அறுவைச் சிகிச்சைக்கு முன் பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பார்கள். பொதுவாக, சோறு, பால், பிஸ்கட் எல்லாம் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பாலை நான்கு மணி நேரத்துக்கு முன்பு. வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பு. உங்களுக்கு எந்த நேரம் சொல்கிறார்களோ அதுதான் கணக்கு. காரணம் தெரிந்தால் கைக்கொள்வது சுலபம். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்தால், இருமித் தள்ளப் பிள்ளையால் முடியாது. அது நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை பசியில் அழுகிறது. ஆயாவுக்கு மனசு பொறுக்கவில்லை. முந்தானைக்குள் வைத்து ஒரு பன்னைப் பாலில் நனைத்துக் கொடுத்துவிடுகிறார். நர்ஸ் வந்து கேட்டால், "ஒண்ணும் கொடுக்கலையே அம்மா" என்கிறார். ஆயாவைத் திட்டாதீர்கள். முந்தின நாளே அவரை உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். அப்படியும் கொடுத்துவிட்டால், ஓடிப்போய்ச் சொல்லிவிடுங்கள். சிகிச்சை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இப்படியே மற்றவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நேற்று இரவு சளி பிடித்ததா, சொல்லுங்கள். பல் ஆடுகிறதா, சொல்லுங்கள். நாட்டு மருந்து கொடுத்தீர்களா, பச்சிலை கட்டினீர்களா, மந்திரித்தீர்களா, வயிற்றில் சூடு போட்டீர்களா, வெட்கப்படாமல் சொல்லுங்கள். யாராவது கடிந்து பேசினாலும் பரவாயில்லை; தெரியாமல் போவது அதைவிடக் கேடு. அரைஞாண் கொடி, தாயத்து, கொலுசு, கம்மல் எல்லாவற்றையும் அறுவைச் சிகிச்சை அறைக்கு முன்பாகக் கழற்றச் சொல்வார்கள். அங்கே போய் அறுத்தெடுக்கும்போது பிள்ளையும் அழும், பெரியவர்களும் அபசகுனம் என்று கலங்குவார்கள். வீட்டிலேயே, பெரியவர்கள் கையாலேயே கழற்றி, பத்திரமாக வைத்துவிட்டுப் புறப்படுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவிக்கு நகம் வெறுமையாக இருப்பது நல்லது.

பெட்டியில் எடுத்து வைக்க வேண்டியவை: பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம், இப்போது சாப்பிடும் மாத்திரையின் அட்டை, தடுப்பூசி அட்டை, ரேஷன் அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை, ஒரு தட்டு, டம்ளர், போர்வை, பிள்ளை விடாமல் வைத்திருக்கும் பொம்மை, அம்மாவின் பழைய சேலை ஒன்று. அந்தச் சேலையைத் துவைக்காமல் கொண்டுவாருங்கள் என்றுகூடச் சொல்வோம். அம்மா இல்லாத நேரத்தில் அந்த வாசனையில் பிள்ளை தூங்கிவிடும்.

மூன்றாவது, குடும்பத்துக்குள்ளே உண்மை.

முதலில் பணம். இதைப் பேசக் கூச்சப்படுகிறோம். சந்தையில் இரண்டு ஆட்டை விற்று, தாலிக்கொடியை அடகு வைத்து, வட்டிக்கும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறோம். ஐந்தாம் நாள் பணம் தீர்ந்ததும், பாதிச் சிகிச்சையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். நாங்கள் கண்ட துயரங்களில் பெரியது இதுதான். செலவழித்த பணமும் போய், பிள்ளையும் நலமாகாமல் வீடு திரும்புவது.

சேர்க்கும் முன்பே கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு ஆகும்? முன்பணம் எவ்வளவு? நாள் வாடகை எவ்வளவு? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்த ஆஸ்பத்திரியில், இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா? 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் இந்தப் பெயரில் நடந்துவரும் திட்டம் இது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிய வேண்டும். எல்லா ஆஸ்பத்திரிகளும் இதில் இல்லை. எல்லா நோய்களும் பட்டியலில் இல்லை. ஆகவே பிள்ளை நலமாக இருக்கும் இன்றைக்கே அட்டையை வாங்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் சாசனத்தில் உள்ள 17 உரிமைகளில், கட்டணத்தைத் தெரிந்துகொள்வதும், மருத்துவக் குறிப்புகளைப் பெற்றுக்கொள்வதும் அடங்கும்.

இங்கே அமர்ந்திருக்கும் ஆதரவாளர்களுக்கு ஒரு வார்த்தை. காப்பீடு சிகிச்சைக்குத்தான். கூட இருக்கும் தாயின் இழந்த கூலியும், அவள் சாப்பாடும், வீட்டில் விட்டுவந்த சின்னப் பிள்ளையின் சாப்பாடும் எந்தக் கணக்கிலும் வராது. இலவசச் சிகிச்சை கிடைத்தும் போகாமல் இருந்துவிடும் குடும்பங்கள் இதனால்தான் நிற்கின்றன. அதிலும், சொல்ல வேதனையாக இருக்கிறது, பெண் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் நின்றுவிடுகின்றன. உங்கள் ஊரில் ஒரு தாய் பிள்ளையோடு புறப்பட்டால், அவள் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் உதவிதான்.

அடுத்தது கையெழுத்து. தகப்பன் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். அவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்று மாமனார் காத்திருக்கச் சொல்வார். அதற்குள் பொழுது போய்விடும். தாயின் கையெழுத்தும் பெற்றவளின் கையெழுத்துதான். யார் போடுவது என்று புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். போடும் முன், என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து உண்டு, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள்.

அடுத்தது உறவினர்கள். அன்போடு வருகிறார்கள். பத்துப் பேராக வந்து கட்டிலைச் சுற்றி நின்று, "ஐயோ, எப்படி எளைச்சிட்ட" என்று அழுகிறார்கள். பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்து, தனக்கு என்னவோ ஆகப்போகிறது என்று முடிவு செய்துகொள்கிறது. கிருமித் தொற்றும் வருகிறது. யவீருவின் பன்னிரண்டு வயது மகளைப் பார்க்க வந்த இயேசு, புலம்பிக்கொண்டிருந்த கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, தகப்பனையும் தாயையும் உள்ளே அழைத்துப் போனார். கடைசியில் பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொன்னார். நோயுற்ற பிள்ளைக்கு யார் வேண்டும், என்ன வேண்டும் என்பதற்கு நாங்கள் இதைத்தான் எடுத்துச் சொல்வது வழக்கம்.

இன்னொரு காரியம். சொல்லக் கடினம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். சில நோய்கள் குணமாவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்கள்: "ஐயரே, நான் செத்துடுவேனா?" அம்மாவிடம் ஏன் கேட்கவில்லை என்றால், "அம்மா அழுவாங்க" என்கிறார்கள். பிள்ளைக்குத் தெரியாது என்று அம்மா மறைக்கிறாள். அம்மாவுக்குத் தாங்காது என்று பிள்ளை மறைக்கிறது. ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனியாகத் தவிக்கிறார்கள். அந்தக் கேள்வி வந்தால் வாயைப் பொத்தாதீர்கள். "ஏன் கண்ணு அப்படிக் கேக்கற, உனக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். அது சொல்வதைக் கேளுங்கள். நமக்கே தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். "எது வந்தாலும் உன்ன விட்டுப் போக மாட்டோம்" என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம், அது பொய்யாகாது. அழுகை வந்தால் சேர்ந்தே அழுங்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் சில நாட்கள் ஆகும். படுக்கையை நனைக்காத பிள்ளை நனைக்கலாம். இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கலாம். இரவில் அலறி எழலாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். அடிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். மருந்து எந்த வேளைக்கு என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த அடையாளத்தைக் கண்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி வரச் சொன்ன தேதியை, பிள்ளை நன்றாக விளையாடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலருக்கு இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகும் தேவை இல்லாமல் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் இன்று இரவு பிள்ளை சாப்பிட அடம் பிடிக்கும்போது, "டாக்டரக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லுவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்றாவது ஒருநாள் அந்த டாக்டரிடம்தான் பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம். அவர் தண்டிக்கிறவர் என்று பிள்ளை நினைத்திருந்தால், அந்த வாசலில் நின்று நாம் சொல்லும் எந்த ஆறுதலும் ஏறாது. ஆயத்தம் என்பதை அங்கிருந்தே தொடங்கலாம்.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளைச் சுகத்தோடு காப்பாராக.